யாரும் உட்காராத லூயி நாற்காலி

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பட்டறைக்கு எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் வந்தார். மெத்தை மாற்றக் கொடுத்திருந்த நாற்காலியை எடுத்துப் போக வந்தவர், அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முசே, இதில் யாரும் உட்காரவில்லையே?"

"இல்லை மதாம்" என்றேன்.

பச்சைப் பொய். அரை மணி நேரத்துக்கு முன்னால் நான்தான் அதில் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் சாய்ந்து, அடியில் கட்டிய நாடா முனகுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து பார்க்காமல் மெத்தை சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஆனால் பெரிய இடத்து ஆட்களிடம் இதைச் சொல்லக் கூடாது என்று எங்கள் முதலாளி, நான் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருடமாக மனசாட்சி உறுத்தாமல் இந்த ஒரு பொய்யைச் சொல்லிவருகிறேன்.

அன்று மாலை ரயிலில் வீடு திரும்பும்போது எனக்குத் தானாகச் சிரிப்பு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாரிசில் தனியாகச் சிரிக்கும் ஆளைக் கண்டால் அப்படித்தான் செய்வார்கள். அவளுக்கு விளக்கிச் சொல்ல முடியாது. ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால் புரியும்.

2

பாரிசில் நான் பார்ப்பது பழைய நாற்காலிகளுக்கு மெத்தை கட்டும் வேலை. குதிரை முடி, நாடா, சணல் துணி, சின்னச் சின்ன ஆணி. வருவதில் பாதி, பிரெஞ்சு ராஜா பதினைந்தாம் லூயி காலத்து நாற்காலிகள் அல்லது அவற்றைப் பார்த்துப் பிற்பாடு செய்தவை. நேர்க்கோடு என்பதே அவற்றில் இருக்காது. கால் வளையும், கை வளையும், முதுகின் உச்சியில் பூவும் சிப்பியும் செதுக்கி, மேலே தங்கப் பூச்சு இருக்கும். பதினாலாம் லூயி, பதினாறாம் லூயி என்று வேறு சாதிகளும் உண்டு. புதுச்சேரியில் நமக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. கால் வளைந்திருந்தால் லூயி நாற்காலி, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் இரண்டு இருந்தன.

என் அப்பா சவரிநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்றுதான் பெயர். பென்ஷனோடு ஊர் திரும்பியபோது அவர் பெட்டியில் இரண்டு பதக்கமும் ஒரு சீட்டுக்கட்டும் ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படமும் இருந்தன. படத்தில் இருந்தது ஒரு நாற்காலி. அவருடைய மேலதிகாரியான கொமாந்தான் வீட்டுக் கூடத்தில் அதே மாதிரி இருந்ததாம். காகிதம் ஒன்றைக் கொடுக்கப் போன அப்பா, அந்தக் காலி நாற்காலிக்கு எதிரே பத்து நிமிடம் விறைப்பாக நின்றிருக்கிறார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்டா, நம்ம வூட்ல இதே மாதிரி ரெண்டு போடணும்னு" என்பார்.

அந்தப் படத்தைக் கொடுத்துச் செய்யச் சொன்னது ஆறுமுகத்திடம். அப்போது அவர் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத தச்சர். பிரான்சைப் பார்த்தவரில்லை. படத்தில் உச்சியில் இருந்த சிப்பியை அவர் சங்கு என்று எடுத்துக்கொண்டு, அழகான வலம்புரிச் சங்காகவே செதுக்கிவிட்டார். படத்தில் நாற்காலியின் முன்பக்கம்தான் தெரியும். பின்பக்கத்துக்கு என்ன செய்வது? தனக்குத் தெரிந்ததைச் செதுக்கினார். அதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. வந்த அன்றே இரண்டையும் சுவரோடு ஒட்டிப் போட்டாயிற்று.

அதோடு அப்பாவின் சட்டமும் வந்தது. கைவைத்த அந்த இரண்டு நாற்காலிகளும் பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு. கையில்லாத மர நாற்காலிகள் உறவினர்களுக்கு. முக்காலி, தெரிந்தவர்களுக்கு. மற்றவர்கள் நின்றுகொண்டே பேசலாம். பாரிஸ் வந்து பல வருடம் கழித்து, வெர்சாய் அரண்மனையில் ராஜாவுக்கு முன்னால் யார் எதில் உட்காரலாம் என்ற வழக்கத்தை முதலாளி சொல்லக் கேட்டேன். கைவைத்த நாற்காலி ராஜாவுக்கும் அவருக்குச் சமமானவர்களுக்கும். பெரிய சீமாட்டிகளுக்கு வெறும் முக்காலி. மற்ற எல்லாரும் நிற்க வேண்டும். எங்கள் கூடத்தின் சட்டம் அச்சு அசலாக அங்கே இருந்தது. அப்பா வெர்சாய்க்குப் போனதே இல்லை.

நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கிய அன்று எனக்குப் பத்து வயது. வெயிலில் வண்டி தள்ளி வந்த ஆறுமுகம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அம்மா தண்ணீர் கொடுத்து, "உக்காருப்பா" என்றார். அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். ஆறுமுகம் அதைக் கவனித்துவிட்டு, "இருக்கட்டும்மா" என்று நின்றபடியே தண்ணீரைக் குடித்துச் சொம்பைக் கீழே வைத்தார். எனக்கு அப்பாமேல் அன்று வந்த கோபம் பல வருடம் போகவில்லை.

சரி, அந்த நாற்காலிகளில் யார்தான் உட்கார்ந்தார்கள்? அப்பா எதிர்பார்த்த பெரிய மனிதர் வரவேயில்லை. பங்குச் சாமியார் ஒருமுறை வந்தார், இடுப்பு வலி என்று கட்டை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வந்தார், நின்றபடி ஊசி போட்டுவிட்டுப் போனார். அப்பாவே அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் உட்கார்ந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும்.

3

பிள்ளைகள் கைநழுவிப் போவதைப் பற்றி இங்கே நம்மவர்கள் கூடும் இடத்திலெல்லாம் ஒரே புலம்பல். தமிழ் பேசுவதில்லை, சோறு சாப்பிடுவதில்லை, ஊருக்கு வரச் சொன்னால் கொசு என்கிறார்கள். நானும் என் மகள் நிக்கோலைப் பற்றிப் பத்து வருடம் புலம்பியவன்தான். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவள் வீட்டு உள்ளலங்காரம் படித்தாள். சுனாமி வந்த மறு வருடம், படிப்புக்காகப் பழைய மரச்சாமான்களைப் படமெடுக்க ஆறு மாதம் புதுச்சேரிக்குப் போனாள். தாத்தா வீட்டில்தான் தங்கினாள். ஒரு பகல் வேளையில், அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஒரு நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பியிருக்கிறாள். முதுகு முழுக்கக் கொடி, நடுவில் இரண்டு கிளிகள், மூக்கோடு மூக்கு வைத்து. சத்தம் கேட்டு எழுந்து வந்த அப்பா, ஏறக்குறைய நாற்பது வருடமாக வீட்டில் இருந்த கிளிகளை அன்றுதான் முதல்முறை பார்த்தார்.

"இத யார் செஞ்சா தாத்தா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"ஆறுமுகம்னு ஒருத்தன். இப்ப தட்டாஞ்சாவடில பெரிய பட்டறை வெச்சிருக்கான்."

மறுநாளே நிக்கோல் தட்டாஞ்சாவடி போய்விட்டாள். அங்கே பட்டறை முழுக்க லூயி. கல்யாண மண்டப மேடையில் மணமக்களுக்குப் போடுகிறார்களே, தங்க வண்ணம் அடித்து, சிவப்பு வெல்வெட்டு வைத்த அகலமான சோபா, அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். விழுப்புரம், கடலூர், திண்டிவனம் வரைக்கும் போகிறதாம். கொத்தனார் மகனும் டீக்கடைக்காரர் மகளும் ஒரு சாயங்காலம் முழுக்க அதில் ராஜா ராணியாக உட்கார்ந்திருக்கிறார்கள், பெரிய பெரிய ஆட்கள் கீழே வரிசையில் நின்று மேலே ஏறி வந்து கைகொடுக்கிறார்கள். பதினைந்தாம் லூயி பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார். எனக்கு அதைக் கேட்டதும் மனம் நிறைந்துபோனது.

பட்டறையை இப்போது நடத்துவது ஆறுமுகத்தின் மகன் குமரன். ஆறு மாதம் என்று போனவள் ஒரு வருடம் தங்கினாள். பதினைந்து வருடம் நாங்கள் கெஞ்சியும் வராத தமிழ் அந்த ஷெட்டில் வந்தது. தொலைபேசியில் ஒரு நாள், "அப்பா, நான் இங்கியே இருந்துடறேன். குமரனைக் கட்டிக்கப் போறேன்" என்றாள். என் மனைவி ரோஸ் போனைப் பிடுங்கி அழுதாள். பிள்ளை கைநழுவிப் போய்விட்டதா, கைக்கு வந்துவிட்டதா என்று எங்களுக்குப் புரியவில்லை.

4

அப்பா சம்மதிக்கவில்லை. மதம் வேறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதை நான் நன்றாகக் கவனித்தேன். அவர் சொன்னது இதுதான்: "நாற்காலி செஞ்சவன் வூட்டுக்குப் பொண்ணு குடுக்கறதா?"

நிக்கோல் அழவில்லை, சண்டை போடவில்லை. "தாத்தா நம்ம கூடத்துல உக்காந்து, குமரன் வூட்டுக்காரங்க மொகத்தப் பாத்து சரின்னு சொல்லணும். சொல்லாட்டி எனக்குக் கல்யாணம் வேணாம்" என்றாள். அப்படியே அப்பாவின் பிடிவாதம். எண்பது வயது மனிதரின் ஒரு 'சரி'யில் என் மகளின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. நான் விடுப்புப் போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

கையில் பத்து மீட்டர் பட்டு எடுத்துப் போனேன், அந்த இரண்டு நாற்காலிகளுக்கும் புது உறை போடலாம் என்று. சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி, "சேலையா?" என்றார். நாற்காலிக்கு என்றேன். நாற்காலிக்குப் பட்டா என்று என்னை ஏற இறங்கப் பார்த்து அனுப்பிவிட்டார்.

நிக்கோல் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி, குமரன் இந்தியக் குடிமகன். இந்த மாதிரிக் கல்யாணத்துக்கு எத்தனை காகிதம் வேண்டும் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறப்புச் சான்று மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பிறந்தது மாறிவிடுமா என்று கேட்கக் கூடாது. படிவத்தில் இரு பக்கத் தகப்பன்மாரின் தொழிலையும் எழுத வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது.

அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. பாரிசில் என் மகன் மினிஸ்டரியில் வேலை பார்க்கிறான் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நானும் ஊருக்கு வரும்போதெல்லாம் கோட்டுப் போட்டுக்கொண்டு அதற்கு ஒத்து ஊதியிருக்கிறேன். மெத்தை கட்டுகிறவன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அப்பாமேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி?

எழுதினேன். குமரனின் அப்பா, தச்சர். நிக்கோலின் அப்பா, மெத்தை கட்டுபவர். நிக்கோல் அதை எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினாள்.

"பாரு தாத்தா. பாரிஸ்ல இந்த ரெண்டு பட்டறையும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கும். ஒருத்தர் மரம் செய்வாரு, ஒருத்தர் மெத்த வெப்பாரு. ரெண்டு பேரும் இல்லன்னா நாற்காலியே இல்ல."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை இரண்டு தரம் படித்தார். மடித்துக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. ஆனா அந்த ரெண்டு நாற்காலியையும் உள்ரூமுக்கு எடுத்துப் போட்ரு. எல்லாரும் பிளாஸ்டிக் சேர்ல உக்காரலாம்."

5

நாற்காலிகளை எடுத்தது உண்மை. உள்ளறைக்கு அல்ல, பின்கட்டுக்கு. பட்டு வந்துவிட்டது, உறையையாவது மாற்றிவிடுகிறேன் என்றேன். அப்பா தலையாட்டினார்.

என் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. பழைய இருக்கையைப் பிரித்தால் அதில் எப்படிப்பட்ட ஆள் உட்கார்ந்தார் என்று சொல்லிவிடலாம். கனத்த ஆளா, ஒரு பக்கம் சாய்பவரா, எல்லாம் உள்ளே அமுங்கிப் பதிந்திருக்கும்.

முதல் நாற்காலியைப் பிரித்தேன். தேங்காய் நார் வைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே உப்பலாக இருந்தது. நாற்பது வருடத்தில் ஒருவர்கூட உட்காரவில்லை. என் வேலையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. வெட்கமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இரண்டாவதைப் பிரித்தேன். அதில் ஒரு பள்ளம் இருந்தது. சின்னப் பள்ளம், முன்பக்க விளிம்பை ஒட்டி. மெலிந்த ஒருவர் நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக, பல வருடம் உட்கார்ந்திருந்தால்தான் அப்படி விழும்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து, விரலால் அந்தப் பள்ளத்தைத் தொட்டார்.

"உங்கம்மா" என்றார்.

அம்மா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

"நான் வெளிய கெளம்புனா, கதவச் சாத்திக்கினு வந்து உக்காருவா. ஒரு நாள் பாதி வழில திரும்பி வந்துட்டேன். ஜன்னல் வழியா பாத்தேன். ஒண்ணும் பண்ணல. கையி ரெண்டையும் அதும்மேல வெச்சிக்கினு சும்மா உக்காந்திருந்தா."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"தெருமுனைக்குப் போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு, இருமிக்கினே வந்தேன். அப்புறம் எப்ப வந்தாலும் தெருவுலேருந்தே இருமிக்கினுதான் வருவேன்."

அந்த இருமல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பட்டாளத்தில் வந்த நெஞ்சுச்சளி என்று நான் நினைத்திருந்தேன்.

"உக்காருன்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருக்கலாம்" என்றார் அப்பா. அழவில்லை. ஆனால் அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டையும் கூடத்துலயே போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அம்மாவின் பள்ளத்தை நான் நிரப்பவில்லை. அதன்மேலேயே பட்டைத் தைத்தேன். தொழில்படி பெரிய தப்பு, முதலாளி பார்த்திருந்தால் வேலையைவிட்டு நிறுத்தியிருப்பார். இரண்டையும் முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் உட்கார்ந்து பார்க்கப் போனேன். கால் நூற்றாண்டுப் பழக்கம். ஆனால் அப்பா வீட்டில் எனக்குக் கால் மடங்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறுமுகமும் அவர் மனைவியும் குமரனும் பூ, பழத் தட்டோடு வந்தார்கள். ஆறுமுகத்துக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. தலை வெள்ளை. கூடத்தில் நுழைந்ததும் அவர் கண் நாற்காலிகள்மேல்தான் போனது.

அப்பா எழுந்து நின்றார். "வாங்க" என்றார். அவர் ஆறுமுகத்தைப் பன்மையில் அழைத்து அன்றுதான் கேட்டேன். கைவைத்த நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார்.

"இருக்கட்டும் முசே" என்றார் ஆறுமுகம்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தை. நிக்கோல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுமுகம் நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்து, பின்னால் போய் நின்று கிளிகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து, காலை அழுத்தி ஆட்டிப் பார்த்தார்.

"ஆடல" என்றார்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. விறைப்பாக நின்றுகொண்டு, யோசித்து வைத்திருந்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: "ஆறுமுகம், இந்த நாற்காலில இதுவரைக்கும் யாரும் உக்காந்ததில்ல. பெரியவங்க யாராச்சும் வருவாங்கன்னு வெச்சிருந்தேன். நீங்கதான் மொதல்ல உக்காரணும்."

ஆறுமுகம் தலையைச் சொறிந்துகொண்டார். ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்ட முகம்.

"மொத தடவ இல்லிங்களே முசே."

"இன்னா சொல்றீங்க?"

"செஞ்சு முடிச்ச அன்னிக்கே ரெண்டுலயும் உக்காந்து பாத்துட்டேன். பட்டறைல. உக்காந்து பாக்காம எப்பிடி அனுப்பறது? கால் ஆடிச்சின்னா நீங்க சும்மா வுடுவீங்களா?"

எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. வாரம் தவறாமல் பணக்கார அம்மாள்களிடம் பொய் சொல்லுகிற எனக்கு இது ஏன் தோன்றவில்லை? வாயைத் திறந்துவிட்டேன்.

"அப்பா, நானும் அப்படித்தான். எந்த நாற்காலின்னாலும் மொதல்ல நான் உக்காந்துதான் குடுப்பேன்."

"பெரிய பெரிய ஆளுங்களுதுலயுமா?"

"அவங்களுதுலதான்."

அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எங்க கொமாந்தான் வூட்டு நாற்காலி?"

"அதுலயும் எவனாச்சும் ஒரு தச்சன் உக்காந்திருப்பான் முசே" என்றார் ஆறுமுகம், ஆறுதல் சொல்லும் குரலில்.

அப்பாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு சத்தமாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பத்து நிமிஷம் நின்னேன்டா, அது முன்னால" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு நினைவு தெரிந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. ஆறுமுகமும் சிரித்துக்கொண்டே முதல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைத் தட்டி, "நீங்களும் உக்காருங்க முசே, எவ்ளோ நேரம் நிப்பீங்க" என்றார்.

அப்பா அந்த இரண்டாவது நாற்காலியில், அம்மாவின் பள்ளத்தில், மெதுவாக உட்கார்ந்தார். கைகள் இரண்டையும் நாற்காலியின் கைகள்மேல் வைத்துக்கொண்டார். பிறகு நிக்கோலைப் பார்த்து, "சரி" என்றார்.

7

கல்யாண வரவேற்பில் நிக்கோலும் குமரனும் அவர்கள் பட்டறைச் சோபாவிலேயே உட்கார்ந்தார்கள். அப்பா வரிசையில் நின்று மேடையேறி வாழ்த்தினார். அதற்கும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரோஸ் இப்போது அழுவதில்லை, மாதக் கடைசியில் தொலைபேசி அட்டை தீர்ந்துபோனால் மட்டும் புலம்புகிறாள்.

நேற்று நிக்கோல் பேசினாள். பட்டறையில் கற்ற தமிழ், பாதி வார்த்தைகளுக்கு எனக்கே அர்த்தம் தெரிவதில்லை.

"அப்பா, நீ ஒரு தடவ வந்துட்டுப் போ. ரெண்டு நாற்காலியும் எறங்கிப் போச்சு."

"எப்பிடி? இப்பதான போட்டேன்?"

"தாத்தாவும் மாமாவும் தெனம் சாயங்காலம் உக்காந்து பெலோட் சீட்டு ஆடறாங்க. தாத்தா தோத்தா எழுந்திருக்க மாட்டேங்கறாரு. மாமா ஜெயிச்சா எழுந்திருக்க மாட்டேங்கறாரு. ஒன்னோட மெத்த தாங்கல."

கட்டிய மெத்தை ஒரே வருடத்தில் அமுங்கிப்போனது என்றால் எந்த மெத்தைக்காரனுக்கும் அவமானம்தான். ரயிலில் நான் சிரித்தது போதாதென்று, அந்தப் போனை வைத்துவிட்டு இன்னொரு தரம் சிரித்தேன்.

ஆகஸ்டில் பட்டறை மூடுவார்கள், அப்போது போகிறேன். நாடாவும் ஆணியும் இங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன், நார் அங்கேயே கிடைக்கும். ஒரு இடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டுவிட்டு, மற்றதைக் கெட்டியாகக் கட்டுவேன். முடித்ததும் எல்லாரும் பார்க்க, எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன்.